ஒப்புதல் கையெழுத்து யாருடையது? விமான, விண்வெளித் துறையில் பெண்கள் தலைமைக்கு வரும் வழி

கார்த்திகா_நெல்லை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் விமானப் பாகங்களுக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (பாகம் சுமையைத் தாங்குமா என்ற கணக்கு) செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ராக்கெட் ஏவுதலுக்குப் பிறகும் நம் தளத்தில் வாழ்த்துப் பதிவுகள் குவிகின்றன. இஸ்ரோவில் பெரிய திட்டங்களுக்குத் தலைமை ஏற்ற வளர்மதி, வனிதா, நிகர் ஷாஜி படங்களைப் போட்டு "தமிழ்ப் பெண்களின் சாதனை" என்று எழுதுகிறோம். எனக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் நெஞ்சு நிறையும். ஆனால் அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன் இருபது, முப்பது வருடம் அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், யார் அந்த வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள் என்று யாரும் பேசிப் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் மூன்று கையெழுத்து இருக்கும். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். தயாரித்தவர் கட்டத்தில் பெண்களின் பெயர்கள் நிறைய. சரிபார்த்தவர் கட்டத்தில் குறைந்துவிடும். ஒப்புதல் கட்டத்தில் அபூர்வம். வேலைக்குச் சேரும்போது ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சமமாகத்தான் சேர்கிறோம். படிப்பும் ஒன்று, நுழைவுத் தேர்வும் ஒன்று. அப்படியானால் நடுவில் எங்கே நழுவுகிறது?

"கல்யாணம், குழந்தை" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். எங்கள் குழுவில் திருமணமே செய்துகொள்ளாதவர்களும் தயாரித்தவர் கட்டத்திலேயே நிற்கிறார்கள்.


இர்பான்_தென்காசி

நல்ல கேள்வி. எங்கள் செங்கோட்டைக்காரர் என்பதால் நிகர் ஷாஜி அவர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், பிறகு ராஞ்சி மெஸ்ராவில் உள்ள பி.ஐ.டி.யில் முதுகலை. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். முதலில் ஸ்ரீஹரிகோட்டா, பிறகு பெங்களூரில் செயற்கைக்கோள் மையம். ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளுக்கு இணைத் திட்ட இயக்குநராக இருந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 அவர் பொறுப்பில் 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி தன் இடத்தில் போய் நின்றது.

ஊரில் எல்லோரும் ஆதித்யாவைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். 1987-க்கும் 2023-க்கும் இடையே 36 வருடம் இருக்கிறது. அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.


குமரன்_சேலம்

மன்னிக்கவும், எனக்கு இதில் வேறு கருத்து. திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது. நம் நாட்டு விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லியிருக்கிறது. உலக அளவில் இது 5 சதவீதம்தான். 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் காக்பிட்டில் பெண்கள் மட்டுமே இருந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாக பெங்களூருக்கு விமானத்தைக் கொண்டுவந்தார்கள். சந்திரயான்-2 குழுவில் 30 சதவீதம் அளவுக்குப் பெண்கள் என்று அப்போதைய தலைவர் சிவன் சொன்னார். இதற்கு மேல் என்ன வேண்டும்?


கார்த்திகா_நெல்லை

குமரன், நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. அவை எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைச் சொல்கின்றன. நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டம். இஸ்ரோவுக்கு இதுவரை ஒரு பெண்கூடத் தலைவராக வந்ததில்லை.


பானுமதி_பணிநிறைவு

மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் எண்பதுகளில் சேர்ந்து, ஓய்வு பெற்று இப்போது மதுரையில் இருக்கிறேன். எந்த ஆய்வகம் என்பது இங்கே வேண்டாம். கார்த்திகா கேட்ட "நடுவில் எங்கே நழுவுகிறது" என்பதற்கு நான் பார்த்த வரையில் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் துறையில் வேலைகள் இரண்டு விதம். ஒன்று, மேசையில் முடிவது. கணக்கு, மென்பொருள், ஆவணம், ரிவியூ கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிப்பது, மற்ற துறைகளோடு கடிதப் போக்குவரத்து. இன்னொன்று, பொருளோடு நிற்கும் வேலை. தூசி புகாத கிளீன் ரூமில் அசெம்பிளி, குலுக்கிப் பார்க்கும் வைப்ரேஷன் டெஸ்ட், தெர்மோவேக், ஏவுதளத்தில் கடைசி வாரங்கள். தெர்மோவேக் என்றால், செயற்கைக்கோளை ஒரு பெரிய கலனுக்குள் வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, விண்வெளியில் வரும் கடுங்குளிரையும் கடும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. நடுவில் நிறுத்த முடியாது. இரவு பகலாக நாள்கணக்கில் ஓடும், ஷிப்ட் போட்டுத்தான் பார்ப்போம். இரவு இரண்டு மணிக்கு செயற்கைக்கோள் அனுப்பும் ஒரு அளவீடு (டெலிமெட்ரி எண்) எல்லை தாண்டினால், சோதனையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று அங்கே நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவை நாலு தடவை சரியாக எடுத்தவரைத்தான் அடுத்த திட்டத்துக்குத் துணைத் திட்ட இயக்குநராகப் போடுவார்கள். ஸ்லைடு நன்றாகச் செய்தவருக்குப் பாராட்டு கிடைக்கும், பொறுப்பு கிடைக்காது.

இப்போது வனிதா அவர்களின் பாதையைப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி மாணவி. கடைநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் வன்பொருள் செய்வது, சோதிப்பது, வடிவமைப்பது என்று படிப்படியாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கார்டோசாட்-1, ஓஷன்சாட்-2, மேகா-டிராபிக்ஸ் போன்றவற்றுக்குத் துணைத் திட்ட இயக்குநர். அதற்குப் பிறகுதான் சந்திரயான்-2. அரியலூர் வளர்மதியும் 1984-ல் சேர்ந்து இன்சாட்-2ஏ, ஐ.ஆர்.எஸ். வரிசை என்று வேலை பார்த்துவிட்டுத்தான் ரிசாட்-1 பொறுப்புக்கு வந்தார். மேகம் மூடியிருந்தாலும் இரவானாலும் தரையைப் படமெடுக்கும் ரேடார் செயற்கைக்கோள் அது. 2012 ஏப்ரல் 26 அன்று ஏவினார்கள். 2015-ல் தமிழக அரசு முதன்முதலாகக் கொடுத்த அப்துல் கலாம் விருது அவருக்குத்தான் போனது.

என்னோடு சேர்ந்த பெண்களில் கெட்டிக்காரிகள் பலர் முதல் பத்து வருடத்தை மேசையிலேயே கழித்தார்கள். அவர்கள் கேட்டு வாங்கியதல்ல அது. "ராத்திரி ஷிப்ட் உனக்குக் கஷ்டம்மா, நீ டாக்குமென்ட்டைப் பார்த்துக்கொள்" என்று அன்பாகச் சொல்லிக் கொடுத்தது. சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் பதினைந்தாவது வருடத்தில் பதவி உயர்வு நேர்காணல் குழுவின் முன் உட்கார்ந்தபோது, "நீங்கள் தனியாகப் பொறுப்பேற்ற ஹார்டுவேர் எது?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. விஞ்ஞானிகளுக்கு அங்கே பதவி உயர்வு காலியிடம் பார்த்து வருவதில்லை. குறிப்பிட்ட வருடங்கள் முடிந்ததும் செய்த வேலையை வைத்து மதிப்பிட்டுத் தருவது. நல்ல முறைதான். ஆனால் செய்யவே விடாத வேலைக்கு அதில் மதிப்பெண் எங்கிருந்து வரும்?


தாரிணி_மேட்டூர்

பானு அம்மா எழுதியதைப் படித்ததும் கிறிஸ்டின் டார்டன் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் நாசாவின் லாங்லி மையத்தில் 1967-ல் சேர்ந்தவர். கணிதத்தில் முதுகலை. ஆனாலும் பொறியாளர்கள் கொடுக்கும் கணக்குகளைப் போட்டுத் தரும் பெண்கள் பிரிவில் உட்காரவைத்தார்கள். அதே தகுதியோடு வந்த ஆண்கள் நேராகப் பொறியாளர் பிரிவுக்குப் போய், ஆய்வுக் கட்டுரை எழுதி, மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் மேலதிகாரியிடம் போய் ஏன் இப்படி என்று நேரடியாகக் கேட்டார். 1973-ல் பொறியாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒலியை விஞ்சிய வேகத்தில் பறக்கும்போது எழும் அதிர்வொலியைக் குறைக்கும் ஆராய்ச்சியில் முன்னணிக்கு வந்து, லாங்லியில் உயர் நிர்வாகப் பணிநிலைக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணானார்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆள் ஒருவர்தான், படிப்பும் அதேதான். உட்காரவைத்த பிரிவு மாறியது, வாழ்க்கை மாறியது.


மகேஷ்_குரோம்பேட்டை

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோ படித்தவன், இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. பானுமதி மேடம் சொல்வது உண்மை. ஆனால் காலக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இஸ்ரோவில் ஒரு செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநரான முதல் பெண் டி.கே. அனுராதா. 1982-ல் சேர்ந்தார், 2011 ஜூலையில் ஜிசாட்-12 ஏவப்பட்டது. வளர்மதி 1984, 2012. டெசி தாமஸ் 1988-ல் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் சேர்ந்தார், அவர் பொறுப்பில் அக்னி-4 ஏவுகணை வெற்றி 2011-ல், அக்னி-5 2012-ல். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கால் நூற்றாண்டு. எண்பதுகளில் ஏரோ, எலக்ட்ரானிக்ஸ் வகுப்புகளில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? இன்று மேலே இருப்பது அன்றைய சேர்க்கையின் விளைவு. இப்போது சேர்பவர்கள் நிறைய, எனவே 2040 வாக்கில் தானாகவே மாறிவிடும் என்றுதான் நான் நம்புகிறேன்.


ரமணன்_திருச்சி

மகேஷ் சார், "தானாகவே" என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. விண்வெளி வீரர்கள் விஷயத்தில் இந்தக் காலக்கணக்கு எப்படி ஓடியது என்று பாருங்கள்.

சோவியத் ஒன்றியம் 1963 ஜூனில் வாலெண்டினா தெரெஷ்கோவாவை அனுப்பியது. அடுத்த பெண், ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, போனது 1982-ல். 19 வருட இடைவெளி. முதல் ஆள் போய்விட்டால் பின்னால் வரிசை தானாக வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அமெரிக்காவில் 1962-ல் பெண்களை ஏன் எடுக்கவில்லை என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஜெட் விமான டெஸ்ட் பைலட் (புதிய விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர்) அனுபவம் வேண்டும் என்பது நாசாவின் விதி. ராணுவ விமானப் பயிற்சியில் அப்போது பெண்களைச் சேர்ப்பதே இல்லை. ஆக விதியில் "பெண்" என்ற சொல் எங்கும் வராது, ஆனால் எந்தப் பெண்ணும் உள்ளே வர முடியாது. 1976-ல் அமெரிக்க விமானப்படை பயிற்சியைத் திறந்தது. ஐலீன் காலின்ஸ் 1979-ல் விமானியானார், 1990-ல் டெஸ்ட் பைலட் பள்ளியை முடித்தார், 1995-ல் நாசாவின் ஷட்டில் விண்கலத்தை ஓட்டிய முதல் பெண், 1999-ல் முதல் பெண் கமாண்டர். கதவு திறந்த நாளிலிருந்து 23 வருடம்.

இப்போது மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான். 2024 பிப்ரவரியில் அறிவித்த நான்கு பேரும் ஆண்கள். காரணம் அதேதான்: விமானப்படையின் டெஸ்ட் பைலட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். நம் விமானப்படையில் போர்விமானப் பிரிவில் பெண்கள் முதன்முதலாக வந்ததே 2016 ஜூனில்தான். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும். அதுவும் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2022-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். தேர்வுக் குழுவைக் குறை சொல்ல முடியாது. குறை, 2016-க்கு முன்னால் இருந்த பூட்டிய கதவில் இருக்கிறது.

ஆகவே காலம் தேவை என்பது சரி. ஆனால் காலம் ஓடத் தொடங்குவது யாரோ ஒருவர் கதவைத் திறந்த பிறகு. மேசை வேலையிலேயே ஒருவரை வைத்திருந்தால் அவருக்கு அந்தக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.


இர்பான்_தென்காசி

அருமையான விளக்கம், ரமணன் அண்ணே.


செல்வி_ஓசூர்

நீங்கள் எல்லோரும் இஸ்ரோ, நாசா என்று பேசுகிறீர்கள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் விமான இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் என்.டி.டி. இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பாகத்தை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஃப்ளூரசன்ட் பெனிட்ரன்ட் என்ற ஒளிரும் திரவத்தைத் தடவி இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்பேன். மயிரிழை விரிசல்கூட பச்சையாக ஒளிரும். எங்களுக்கும் தலைமை என்று ஒன்று உண்டு, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

என்.டி.டி.யில் லெவல் 1, 2, 3 என்று தகுதி. லெவல் 1 சொன்னதைச் செய்வார். லெவல் 2 சோதித்து, பாகம் தேறுமா தேறாதா என்று முடிவெடுக்கலாம். லெவல் 3 சோதனை முறையையே எழுதி ஒப்புதல் தருபவர், மற்றவர்களுக்குத் தேர்வு வைப்பவர். ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நேரமும், கையால் செய்த அனுபவ நேரமும் கணக்கில் இருக்க வேண்டும். நான் லெவல் 2. அனுபவ நேரம் எங்கே அதிகம் சேரும்? சரக்கு குவியும் இரவு ஷிப்ட்டில். பழைய ஒரு பணியிடத்தில் பெண்களுக்கு இரவு ஷிப்ட்டே கிடையாது. சட்டம் என்பார்கள். தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருந்தது உண்மைதான். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை 2000 டிசம்பரிலேயே செல்லாது என்று சொல்லி, வண்டி வசதி, பாதுகாப்பு, தனியாக விடாமல் குழுவாக வைப்பது என்று நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது. எங்களிடம் "சட்டம்" என்று சொன்னவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்ய மனமில்லை, அவ்வளவுதான். என்னோடு சேர்ந்த பையன்களுக்கு நேரம் மளமளவென்று சேர்ந்தது. எங்களுக்கு ஊர்ந்தது.

இப்போதைய இடத்தில் வண்டி வருகிறது, இரண்டு பெண்களாகப் போடுகிறார்கள், நேரம் சேர்கிறது. இன்னொன்றும் மாறியிருக்கிறது. பாகத்தில் குறை கண்டால் என்.சி.ஆர். என்ற குறை அறிக்கை போட்டு, குறையுள்ள பாகங்களைப் பரிசீலிக்கும் எம்.ஆர்.பி. கூட்டத்துக்கு அனுப்புவோம். அப்படியே பயன்படுத்தலாமா, சரிசெய்யலாமா, கழித்துக்கட்டுவதா என்று அங்கே முடிவு செய்வார்கள். ஒரு பாகம் லட்சக்கணக்கில் விலை என்பதால் கழிக்க யாருக்கும் மனசு வராது. முன்பெல்லாம் நான் தாளை மட்டும் அனுப்புவேன். இப்போது கண்டுபிடித்தவரே உள்ளே வந்து விளக்க வேண்டும் என்று எங்கள் தர மேலாளர் வைத்துவிட்டார். அந்த அறையில் பேசிப் பழகியது எனக்குப் பெரிய படிப்பு.

அப்புறம் கையுறை. பட்டறையில் எனக்குச் சரியான அளவில் கையுறை கிடைக்கவே நாளானது. பெரிய கையுறை போட்டுக்கொண்டு சின்னப் பாகத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள், ஆனால் வேலையின் வேகமே அதில்தான் இருக்கிறது.


தாரிணி_மேட்டூர்

செல்வி அக்கா, கையுறை சின்ன விஷயமே இல்லை. 2019 மார்ச்சில் விண்வெளி நிலையத்தில் முதன்முதலாக இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே நடப்பதாக இருந்தது. ஆன் மெக்ளெய்னுக்கு நடு அளவு உடைதான் பொருந்தியது, கிறிஸ்டினா காக்குக்கும் அதேதான். அந்த அளவில் மேல் உடல் கவசம் ஒன்றுதான் தயாராக இருந்தது. திட்டத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மியரும் சேர்ந்து நடந்தது 2019 அக்டோபர் 18 அன்றுதான். நாசாவுக்கே உடை அளவு இடித்தது என்றால் ஓசூரில் இடிப்பதில் ஆச்சரியம் இல்லை.


குமரன்_சேலம்

எல்லோரும் சொல்வதைக் கவனமாகப் படித்தேன். ஒரு கேள்வி. இரவு சோதனை, ஏவுதளத்தில் வாரக்கணக்கில் தங்குவது என்பதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் வேண்டுமா? கைக்குழந்தையோடு இருப்பவரிடம் போய் "நீ தெர்மோவேக் பார், இல்லாவிட்டால் மேலே வர முடியாது" என்று சொல்வது நியாயமா?


பானுமதி_பணிநிறைவு

தம்பி குமரன், நியாயமில்லைதான். யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. அவளைக் கேட்காமலே, அவளுக்காக வேறொருவர் முடிவு செய்வதைத்தான் சொல்கிறேன். கைக்குழந்தை இருக்கிற வருடம் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லலாம். அடுத்த வருடம் அவளே தயாராக இருப்பாள். ஆனால் ஒருமுறை வேண்டாம் என்றவளை அப்புறம் கேட்பதே இல்லை, பெயர் பட்டியலிலிருந்து நிரந்தரமாகப் போய்விடுகிறது. அரசுப் பணியில் 180 நாள் மகப்பேறு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியாரிலும் 2017 முதல் 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும். விடுப்புச் சட்டம் நன்றாகவே இருக்கிறது. விடுப்பு முடிந்து வருபவளுக்கு எந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை. போகும்போது செயற்கைக்கோளின் ஒரு உட்பகுதி முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கும். வரும்போது அது வேறொருவரிடம் இருக்கும். அதைத் திரும்பக் கொடுப்பதும் கொடுக்காததும் குழுத் தலைவரின் கையில்.

வனிதா விஷயத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். சந்திரயான்-2 பொறுப்பை ஏற்க அவர் முதலில் தயங்கினார் என்றும், அப்போது செயற்கைக்கோள் மைய இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பேசிச் சம்மதிக்க வைத்தார் என்றும் செய்திகளில் வந்தது. அந்த இடத்தைப் பலமுறை யோசித்திருக்கிறேன். தயக்கத்தைப் பார்த்ததும் "பாவம், விட்டுவிடுவோம்" என்று அடுத்த பெயருக்குப் போவது எளிது. அண்ணாதுரை திரும்பப் போய்ப் பேசினார். நிலவுத் திட்டம் ஒரு பெண் கையில் வந்தது அதனால்தான். தயங்கும் ஆண்களை நாங்கள் எத்தனை பேரை அப்படி உந்தித் தள்ளியிருக்கிறோம்! யாரும் அதைத் திறமைக் குறைவு என்று எழுதியதில்லை.


குமரன்_சேலம்

ஆனால் சந்திரயான்-2-ல் நிலவில் இறங்க வேண்டிய லேண்டர் விழுந்துவிட்டதே?


ரமணன்_திருச்சி

லேண்டர் 2019 செப்டம்பரில் விழுந்தது, உண்மை. நிலவைச் சுற்றும் ஆர்பிட்டர் நன்றாக வேலை செய்தது. சந்திரயான்-3 இறங்க இடம் தேடியபோது அந்த ஆர்பிட்டரின் கேமரா எடுத்த படங்களும் உதவின. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 லேண்டர் அந்தப் பழைய ஆர்பிட்டரோடு தொடர்பும் ஏற்படுத்திக்கொண்டது. சந்திரயான்-3-க்கு விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர், கல்பனா காளஹஸ்தி இணைத் திட்ட இயக்குநர். விழுந்ததிலிருந்து கற்றவர்கள்தான் இறக்கினார்கள். தோற்கும் வாய்ப்புள்ள திட்டத்தைப் பெண்ணிடம் கொடுப்பதும், தோற்ற பிறகு அதைப் பெண் என்பதோடு முடிச்சுப் போடாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் சமத்துவம் என்று நான் நினைக்கிறேன்.


யாழினி_ஹேங்கர்

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர், மெக்கானிக்கல் வேலைகளுக்கான பி1 லைசென்ஸ். செல்வி அக்கா சொன்னதையே எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விமானத்தில் வேலை முடிந்ததும், பறக்கத் தகுதியானது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது கிளம்பும். அந்த அதிகாரம் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் லைசென்ஸும், அந்தந்த விமான வகைக்கான தகுதியும், நிறுவனத்தின் அனுமதியும் சேர்ந்தால்தான் வரும். லைசென்ஸ் இல்லாமல் உதவியாளராகவே வருடக்கணக்கில் இருக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். தேர்வுத் தாள்கள் கடினமானவைதான், ஆனால் மெக்கானிக்கல் வேலைப் பதிவேட்டில் அனுபவம் ஏறாததுதான் பெரிய தடை. "நீ டூல் ஸ்டோரைப் பார்த்துக்கொள், ரெக்கார்ட்ஸ் பார்த்துக்கொள்" என்றால் பதிவேட்டில் இன்ஜின் வேலை எப்படி ஏறும்? தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே லாக் புக்கை நீங்களே எழுதுங்கள். செய்த ஒவ்வொரு வேலைக்கும் அன்றைக்கே மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் எந்த வகை வேலை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, அதைப் போய்க் கேளுங்கள்.


பவித்ரா_மூன்றாமாண்டு

கோவையில் ஏரோ படிக்கிறேன். படித்துப் படித்துப் பயமும் வருகிறது, ஆசையும் வருகிறது. புதிய நிறுவனங்களில் நிலைமை எப்படி? அங்கேயும் 25 வருடம் காத்திருக்க வேண்டுமா?


மகேஷ்_குரோம்பேட்டை

பவித்ரா, அங்கே காலம் சுருங்கியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. முப்பரிமாண அச்சில் செய்த இன்ஜின். அந்தத் திட்ட இயக்குநரும் வாகன இயக்குநரும் பெண்கள். சின்ன நிறுவனத்தில் ஆள் குறைவு, அதனால் எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். மேசை, பொருள் என்று பிரித்து வைக்க வழியில்லை. அமெரிக்க ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸில் க்வின் ஷாட்வெல் 2002-ல், நிறுவனம் தொடங்கிய வருடமே சேர்ந்தவர். மெக்கானிக்கல் படித்தவர், ஆனால் வாடிக்கையாளர்களைப் பிடிக்கும் பொறுப்பில் வந்தார். 2008 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக நாசாவிடமிருந்து 12 பயணங்களுக்கு 1.6 பில்லியன் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. நிறுவனத்தின் உயிரே அதில் இருந்தது. அந்த வருடமே நிறுவனத்தின் தலைவர் பதவி அவருக்கு. பானுமதி மேடம் சொல்லும் "பொருளோடு நிற்பது" அவர் விஷயத்தில் ஒப்பந்தத்தோடு நிற்பது. எதுவானாலும் வெற்றி தோல்வி உன் பெயரில் எழுதப்படும் இடமாக இருக்க வேண்டும்.

குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து போகத் தொடங்கும்போது தென் மாவட்டங்களில் சோதனை, அசெம்பிளி, தரம் என்று ஆள் நிறையத் தேவைப்படும். நீ படித்து முடித்து வரும் நேரம் சரியாக இருக்கும்.


மட்டுறுத்துநர்

விமானி பயிற்சிக் கட்டணம், கல்விக் கடன் பற்றி வந்த கேள்விகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பொறியியல், பராமரிப்பு, தலைமைப் பொறுப்பு பற்றித் தொடருங்கள்.


கார்த்திகா_நெல்லை

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் அறிக்கைகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். எங்கள் இடத்தில் சரிபார்ப்பவராக அனுமதி கிடைக்க, சோதனைத் தரவோடு தன் கணக்கை ஒப்பிட்டு முடித்த வேலை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது எழுதாத வழக்கம். சோதனைக்கூடத்துக்கு யாரை அனுப்புகிறார்கள்? வழக்கமாகப் பையன்களை. வெளியூர்ப் பயணம், தங்குவது என்ற காரணம். யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த இறக்கைப் பாகத்தின் மேல் சுமை ஏற்றிப் பார்க்கும் ஸ்டாட்டிக் டெஸ்ட்டுக்கு என் பெயரைப் போடச் சொல்லி மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். மின்னஞ்சலாகவே எழுதினேன், வாய்வார்த்தையாக இல்லை.

மகேஷ் சார், நீங்கள் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு என்றீர்கள். உங்கள் ஷிப்ட் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர்?


மகேஷ்_குரோம்பேட்டை

நேர்மையான கேள்வி. பகல் ஷிப்ட்டில் இரண்டு பேர். இரவில் யாரும் இல்லை. பிரிவில் மொத்தம் நான்கு பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த வைப்ரேஷன் டெஸ்ட்டுக்கு இப்போதுதான் ஆள் போடப்போகிறேன். நால்வரிடமும் கேட்டுவிட்டுப் போடுகிறேன். பானுமதி மேடம், கேட்பதில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


பானுமதி_பணிநிறைவு

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், மகேஷ். தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் வண்டிக்கு ஏற்பாடு, ஓய்வறை, திறந்திருக்கும் கழிப்பறை மூன்றையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் "முடியாது" என்று அவள் சொல்வது வேலையைப் பற்றியா, வசதியைப் பற்றியா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். ஒரே பெண்ணை மட்டும் இரவில் போடாதீர்கள். சம்மதித்தவளை முதல் நாள் நோட்டெழுத உட்காரவைக்காமல், அதிர்வை அளக்கும் ஒரு ஆக்ஸிலரோமீட்டர் வரிசையை அவள் பொறுப்பில் கொடுங்கள், ஒட்டுவது முதல் தரவு சரிபார்ப்பது வரை. இந்த முறை வேண்டாம் என்றவளின் பெயரை அடித்துவிடாமல், அடுத்த டெஸ்ட்டுக்கு மறுபடியும் கேளுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் சரிபார்த்தவர் கட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதையும் இப்போதே முடிவு செய்து அவளிடம் சொல்லிவிடுங்கள்.